திரை இன்னும் 4 மீற்றர் என்றது, எங்கள் படகின் அணியம் (முன்நுனி) தொடக்கக் கோட்டைக் கடந்திருந்தது

பாய்மரம்_வெள்ளவத்தை
ஞாயிறு, இரவு 9:40

வணக்கம். மனம் ஆறாமல் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மத்தியானம் கல்கிசைக்கு வெளியே நடந்த போட்டியில் எங்கள் படகு தொடக்கக் கோட்டை முந்திக் கடந்துவிட்டது என்று ஓசிஎஸ் போட்டுவிட்டார்கள். 28 அடிப் படகு, ஐந்து பேர். மேற்கிலிருந்து 10, 11 நொட் கடற்காற்று, கடலும் அமைதி. இப்படி ஒரு நாள் கிடைத்தும் வீணாகிவிட்டது.

போன மாதம்தான் படகுக்குப் புதுக் கருவிகள் பூட்டினோம். பாய்மரத்தில் இரண்டு திரை, பின்பக்கக் கம்பியில் ஜிபிஎஸ் அன்ரெனா, அடியில் வேகமானி. தொடக்கக் கோட்டின் ஒரு முனையில் மிதவை, மறு முனையில் போட்டி நடத்துபவர்களின் கொமிட்டி படகு. இரண்டு முனைக்கும் போய்ப் பொத்தானை அழுத்திப் பதிந்தால், கோட்டுக்கு எத்தனை மீற்றர், இந்த வேகத்தில் எத்தனை செக்கன் என்று அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். அதைப் பார்த்து நேரம் சொல்வது என் பொறுப்பு.

நடந்தது இதுதான். கடைசி நிமிடத்தில் கோட்டுக்குக் கீழே, அதாவது இன்னும் கடக்காத பக்கம், பாயைத் தளர்த்திவிட்டு நின்றோம். 25 செக்கன் இருக்கும்போது பாயை இழுத்தோம். 10 செக்கன் இருக்கும்போது திரையைப் பார்த்தேன், கோட்டுக்கு 21 மீற்றர், 13 செக்கன் என்றது. மூன்று செக்கன் பிந்துகிறோம், இன்னும் இழுங்கள் என்று கத்தினேன். கொடி இறங்கி ஊதல் வந்த நேரம் திரையில் 4 மீற்றர் மிச்சம். அதாவது இன்னும் கோட்டுக்குக் கீழே நிற்கிறோம் என்று நான் சத்தியம் பண்ணியிருப்பேன். உடனே இரண்டாவது ஊதல் கேட்டது. எங்களுக்கு இடப்பக்கம் இருந்த படகு எங்களுக்கு முன்னால் தெரிந்தது, அவர்களுக்குத்தான் என்று நினைத்துத் திரும்பாமலே போனோம். முடிவுப் பட்டியல் வந்தபோதுதான் தெரிந்தது. அவர்கள் சரியாக இருந்திருக்கிறார்கள், நாங்கள்தான் பிழை.

எனக்கு விளங்க வேண்டியது ஒன்றே ஒன்று. கருவி பிழையா, நான் பிழையா?


கச்சான்காற்று
ஞாயிறு, இரவு 10:22

தம்பி, கருவி பிழை என்று முடிவுகட்ட முன்னம் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லும். அன்ரெனா பின்பக்கம் என்கிறீர், அணியத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அளந்து மெனுவில் போட்டீர்களா? முனைகளைப் பதியும்போது மிதவை படகின் எந்த இடத்துக்கு நேரே வந்தபோது பொத்தானை அழுத்தினீர்? வேகம், திசை எண்களுக்கு டாம்பிங், அதாவது எண் துள்ளாமல் சராசரியாக்கும் அளவு, எத்தனையில் வைத்திருக்கிறீர்கள்?

இந்த மூன்றும் தெரியாமல் அந்த 4 மீற்றரைப் பற்றி யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.


கொடிமரம்
ஞாயிறு, இரவு 11:05

நான் பல வருடமாகக் கொமிட்டி படகில் நின்று கொடி இழுப்பவன். இன்றைய போட்டியில் இல்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன்.

கோட்டைக் கடப்பது என்றால் என்ன என்பதில் ஆரம்பியுங்கள். 2021 விதிப் புத்தகம் வரும்வரை படகின் உடல், ஆட்கள், உபகரணம் எது கோட்டைத் தொட்டாலும் கணக்கு. அதன்பிறகு உடல் மட்டும். ஆனால் உடலின் எந்தப் பாகமும் போதும், கோட்டை நோக்கிப் போகும் படகில் அது அணியத்தின் நுனிதான். நாங்கள் அந்தக் கோட்டில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்கும்போது உங்கள் அன்ரெனா எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

நேரம்: 5 நிமிடத்தில் வகுப்புக் கொடி ஏறும், 4இல் ஆயத்தக் கொடி, 1இல் ஆயத்தக் கொடி இறங்கும், பூச்சியத்தில் வகுப்புக் கொடி இறங்கும். விதி 26 சொல்வது தெளிவு, நேரம் கண்ணால் காணும் சமிக்ஞைக்குத்தான், சத்தத்துக்கு இல்லை. ஊதல் வேலை செய்யாவிட்டாலும் தொடக்கம் தொடக்கம்தான். அதனால் மணிக்கூட்டைக் கொடி அசையும் கணத்தில் அழுத்துங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகும், 200 மீற்றர் தள்ளி நின்றால் அரைச் செக்கனுக்கு மேல் பிந்தித்தான் உங்கள் காதுக்கு வரும்.

இரண்டாவது ஊதல் கேட்டதும் திரும்பிக் கொமிட்டி படகைப் பார்த்திருக்க வேண்டும். வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட எக்ஸ் கொடி ஏறியிருக்கும். முந்திய படகுகள் எல்லாம் திரும்பி வந்து முழுதாகக் கோட்டுக்குக் கீழே போகும்வரை, கூடிப்போனால் 4 நிமிடம், அது பறக்கும். அடுத்த வகுப்பின் தொடக்கம் நெருங்கினால் அதற்கு ஒரு நிமிடம் இருக்கும்போதே இறங்கிவிடும். அந்த நேரத்துக்குள் சந்தேகம் வந்தாலே திரும்பிப் போய்வருவது நல்லது. அரை நிமிட நட்டம் ஒரு முழுப் போட்டியின் நட்டத்தைவிடச் சின்னது.


வாவிக்கரை
திங்கள், காலை 6:15

நான் பொல்கொடை வாவியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படகு பழக்குகிறேன். எங்கள் படகுகளில் இந்தத் திரை ஒன்றும் இல்லை. ஐஎல்சிஏ வகுப்பில், அதுதான் முன்பு லேசர் என்று சொன்னோமே, ஜிபிஎஸ் வைக்கவே விதி விடாது, மணிக்கூடும் திசைகாட்டியும் மட்டும்தான். ஒப்டிமிஸ்ட் என்ற சின்னப் படகு ஓட்டும் பிள்ளைகளும் அப்படித்தான். அவர்கள் கோட்டில் எங்கே நிற்கிறோம் என்று அறிவது கரையைப் பார்த்து. மிதவைக்கு வெளியே போய் நின்று, மிதவையும் கொமிட்டி படகின் கம்பமும் ஒரே நேரில் வரும்போது அதற்குப் பின்னால் கரையில் என்ன தெரிகிறது என்று பார். வளைந்த தென்னையா, மஞ்சள் வீட்டின் கூரையா? அதை மனதில் வை. பிறகு கோட்டில் எங்கே நின்றாலும் கம்பம் அந்தத் தென்னையை மறைத்தால் நீ கோட்டில் நிற்கிறாய். பத்து வயதுப் பிள்ளைக்கு இது அரை மணித்தியாலத்தில் விளங்குகிறது.

தம்பி கல்கிசைக்கு வெளியே நின்றிருக்கிறார். மேற்குக் காற்று என்றால் கோடு வடக்குத் தெற்காக இருந்திருக்கும், கொமிட்டி படகு வடக்கு முனையில். வடக்கே பார்த்தால் கொழும்புக் கோட்டைப் பகுதியின் இரட்டைக் கோபுரமும் மற்றக் கட்டிடங்களும் வரிசையாகத் தெரியுமே. அதைவிட நல்ல அடையாளம் எங்கே கிடைக்கும்? கொமிட்டி படகின் கம்பத்துக்கு வலப்பக்கம் உங்கள் கட்டிடம் விலகித் தெரிந்தால் இன்னும் கீழே நிற்கிறீர்கள், கம்பத்துக்குப் பின்னால் மறைந்தால் கோட்டில், இடப்பக்கம் வந்துவிட்டால் கடந்துவிட்டீர்கள். பற்றரி வேண்டாம்.

எனக்கு உண்மையான கவலை, எல்லோரும் தலையைக் குனிந்து திரையைப் பார்க்கப் பழகிவிட்டால் காற்று மாறுவதை யார் பார்ப்பார்கள் என்பது.


பாய்மரம்_வெள்ளவத்தை
திங்கள், பகல் 1:30

கச்சான் அண்ணைக்குப் பதில்: பதியும்போது நான் பின்னால் சுக்கானுக்குப் பக்கத்தில் நின்றேன், மிதவை எனக்கு நேரே வந்தபோது அழுத்தினேன். கொமிட்டி படகுக்கும் அப்படியே, அவர்கள் கொடிக் கம்பம் எனக்கு நேரே வந்தபோது. மற்ற இரண்டும் நாளை படகுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். அக்கா சொன்ன கோபுர அடையாளம் என் மூளைக்கே வரவில்லை, அத்தனை பெரிய கோபுரம் கண்ணுக்கு முன்னால் நின்றது.


கம்பிவலை
திங்கள், மாலை 7:50

என் தொழில் படகுக் கருவிகள் பூட்டுவதும் திருத்துவதும். எண்களைக் கொடுத்திருக்கிறீர்கள், அது போதும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

10 செக்கனில் 21 மீற்றரிலிருந்து 4 மீற்றருக்கு வந்திருக்கிறீர்கள், கோட்டை நோக்கிச் செக்கனுக்கு 1.7 மீற்றர். காற்றுக்கு 45 பாகையில் ஏறும் படகு, காற்றுக்குச் சரி குறுக்காக வைத்த கோட்டையும் 45 பாகை சரிவில்தான் நெருங்கும், எனவே படகின் உண்மையான ஓட்டம் செக்கனுக்கு 2.4 மீற்றர், அதாவது 4.7 நொட். அந்தக் காற்றுக்கு நம்பக்கூடிய வேகம்.

இப்போது அன்ரெனா. 28 அடிப் படகு 8.5 மீற்றர், அன்ரெனா பின் கம்பியில் என்றால் அணியத்திலிருந்து 8 மீற்றர் வரும். படகு சரிந்து போவதால் அந்த 8 மீற்றரில் கோட்டை நோக்கி எண்ணப்படுவது 8ஐ 0.71ஆல் பெருக்கினால் வருவது, 5.7 மீற்றர். நீங்கள் மிதவையைப் பதிந்ததும் அன்ரெனாவுக்கு நேரே வைத்து. ஆகவே திரை காட்டிய 4 மீற்றர் அன்ரெனாவுக்கு மிச்சமிருந்த தூரம். அணியம் அந்த நேரம் கோட்டுக்கு அப்பால் 1.7 மீற்றர் போய்விட்டது. கொமிட்டி படகில் இருந்தவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

10 செக்கன் இருக்கும்போது வந்த எண்ணையும் பாருங்கள். திரை 13 செக்கன் என்றது. அணியத்துக்கு அப்போது மிச்சம் 15.3 மீற்றர், 1.7ஆல் வகுத்தால் 9 செக்கன். நீங்கள் மூன்று செக்கன் பிந்தியிருக்கவில்லை, ஒரு செக்கன் முந்தியிருந்தீர்கள். நான்கு செக்கன் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றரை அன்ரெனாவால் வந்தது. மீதி அரைச் செக்கன் டாம்பிங்காக இருக்கும். எண்கள் குதிக்காமல் இருக்க, கடந்த சில செக்கன்களின் சராசரியைத்தான் திரை காட்டும். நின்ற படகு வேகம் எடுக்கும்போது சராசரி எப்போதும் உண்மை வேகத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும், எனவே கோட்டுக்கான நேரத்தைக் கூட்டிக் காட்டும். இரண்டு பிழையும் ஒரே பக்கம் தள்ளியிருக்கின்றன.

இதில் இன்னொன்று. கொடிமரம் சொன்ன ஒலித் தாமதம் இந்த விடயத்தில் குற்றவாளி இல்லை. ஊதலைக் கேட்டு அழுத்தியிருந்தால் உங்கள் மணிக்கூடு பிந்தியிருக்கும், அது உங்களைப் பிந்த வைக்குமே தவிர முந்த வைக்காது.


பாய்மரம்_வெள்ளவத்தை
செவ்வாய், இரவு 8:12

படகுக்குப் போய்வந்தேன். மெனுவில் அணியத்துக்கான தூரம் என்று ஓர் இடம் இருக்கிறது, அதில் 0.0. பூட்டியவர்கள் போடவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. டாம்பிங் 8இல் இருந்தது. நாடாவால் அளந்தேன், அன்ரெனாவிலிருந்து அணிய நுனிக்கு 8.1 மீற்றர்.

கம்பிவலை அண்ணா, நீங்கள் படகைப் பார்க்காமலே 10 சதமமீற்றர் வித்தியாசத்துக்குள் சொல்லிவிட்டீர்கள். மனம் கொஞ்சம் ஆறியது. காரணம் தெரியாமல் தோற்றால் அது நெஞ்சுக்குள்ளேயே கிடக்கும்.


புதுப்பாய்
செவ்வாய், இரவு 9:30

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் இவ்வளவு செலவான கருவி இல்லை. கைத்தொலைபேசியில் ஒரு செயலி போட்டுப் பாய்மரத்தடியில் கட்டினால் போதாதா? இல்லாவிட்டால் கையில் கட்டும் ஜிபிஎஸ் மணிக்கூடு?


கம்பிவலை
செவ்வாய், இரவு 10:48

பழகுவதற்குப் போதும், போட்டியில் நம்பிப் போக வேண்டாம். தொலைபேசி பொதுவாகச் செக்கனுக்கு ஒரு தடவைதான் இடத்தைப் புதுப்பிக்கும். 5 நொட்டில் ஒரு செக்கனுக்குள் படகு 2.6 மீற்றர் போய்விடும். படகுப் போட்டிக்கென்றே செய்த சின்னக் கருவிகள், வெலொசிடெக் ப்ரோஸ்டார்ட், வக்காரோஸ் அட்லஸ் மாதிரியானவை, செக்கனுக்குப் பல தடவை புதுப்பிக்கின்றன. அதோடு பிற்பகல் இரண்டு மணி வெயிலில் தொலைபேசி சூடாகித் திரையை மங்கலாக்கிவிடும், சில நேரம் தானாகவே நின்றுவிடும். போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் சில திரைகள் ஒரு கோணத்தில் முழுக் கறுப்பாகத் தெரியும், வாங்க முன்னம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பார்த்து வாங்குங்கள்.

நம் இடத்துக்கென்றே ஒரு விடயமும் இருக்கிறது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டி, நமக்குக் கொஞ்சம் வடக்கால் போகிறது. 1963இல் கேரளத்துத் தும்பாவில் ரொக்கெட் ஏவுதளம் வைத்ததற்கே அதுதான் காரணம். அந்தக் கோட்டை ஒட்டிய வானத்தில் அயனமண்டலம், அதாவது உயரத்தில் இருக்கும் மின்னேறிய வளிப் படை, தடித்திருக்கும், அதுவும் பிற்பகலில்தான் உச்சம். ஜிபிஎஸ் சமிக்ஞை அதற்குள்ளால் வரும்போது தாமதமாகிறது, இடம் சில மீற்றர் நகர்ந்து தெரிகிறது. நாம் போட்டி வைப்பதும் கடற்காற்று எழும்பும் அதே நேரம். இரண்டு அலைவரிசையில் கேட்கும் புது அன்ரெனாக்கள் இந்தத் தாமதத்தைக் கணக்குப் போட்டுக் கழித்துவிடும், ஒற்றை அலைவரிசைக் கருவியால் அதை முழுதாகச் செய்ய முடியாது.

பயப்படவும் தேவையில்லை. இந்த நகர்வு மெதுவாக மாறும். ஐந்து நிமிட இடைவெளியில் ஒரே அன்ரெனாவால் மிதவையையும் பதிந்து படகையும் பார்த்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே பிழைதான் இருக்கும், கழித்தால் போய்விடும். அதனால்தான் கோட்டைக் கடைசி நேரத்தில், முடிந்தால் ஆயத்தக் கொடி ஏறும் நேரத்துக்குப் பக்கத்தில், திரும்பப் பதியச் சொல்வது. அரை மணித்தியாலத்துக்கு முன் பதிந்த கோடு பழைய கோடு. கொமிட்டி படகு நங்கூரக் கயிற்றில் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், காற்று பத்துப் பாகை மாறினாலே அது சில மீற்றர் தள்ளிப் போய் நிற்கும்.


கொடிமரம்
புதன், காலை 7:20

நேரத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். சில போட்டிகளில் முதல் சமிக்ஞை இத்தனை மணிக்கு என்று ஜிபிஎஸ் நேரத்தையே வைத்துச் சொல்வார்கள். ஜிபிஎஸ்ஸின் சொந்தக் கடிகாரம் 2017இலிருந்து உலக நேரத்துக்கு 18 செக்கன் முன்னால் ஓடுகிறது, கருவி அதைக் கழித்துவிட்டுத்தான் நமக்குக் காட்டும். நீண்ட நாள் அணைத்து வைத்திருந்த கருவிக்கு அந்தத் திருத்தம் செய்மதியிலிருந்து வந்து சேரப் பன்னிரண்டரை நிமிடம்வரை ஆகலாம். எனவே துறையை விட்டுப் புறப்படும்போதே கருவியைப் போட்டுவிடுங்கள், கோட்டில் வந்து நின்றபிறகு போட வேண்டாம். 4 நிமிடக் கொடியிலும் 1 நிமிடக் கொடியிலும் உங்கள் எண்ணைத் திருத்துவதையும் விடாதீர்கள்.


கச்சான்காற்று
புதன், இரவு 9:05

எல்லோரும் நல்லதுதான் சொல்கிறீர்கள். ஆனால் தம்பி, அணியத் தூரத்தை 8.1 என்று போட்டுவிட்டால் அடுத்த முறை சரியாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோட்டுக்கு இத்தனை செக்கன் என்று திரை சொல்வது, இப்போது போகும் வேகத்திலேயே போனால் என்ற கணக்கு. பாயைத் தளர்த்திவிட்டு 1 நொட்டில் நிற்கும்போது அது 40 செக்கன் என்னும், பாயை இழுத்து ஐந்து செக்கனில் 20 என்னும், இன்னும் ஐந்தில் 9 என்னும். மணிக்கூடு ஓடும் வேகத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இராது. நீர் 25 செக்கனில் இழுக்கத் தொடங்கினீரே, அந்த 25ஐ யார் தந்தது? திரை தரவில்லை. பழக்கத்தில் வந்த எண். நின்ற இடத்திலிருந்து முழு வேகம் எடுக்க உங்கள் படகுக்கு எத்தனை செக்கன் வேண்டும், அதற்குள் எத்தனை மீற்றர் போகும் என்பதை எந்தக் கம்பனியும் பெட்டிக்குள் வைத்துத் தருவதில்லை. அது உங்கள் பாய், உங்கள் அடிப்பக்கம், உங்கள் ஆட்கள் கயிறு இழுக்கும் வேகம், அன்றைய அலை எல்லாம் சேர்ந்தது. அதை நீங்களேதான் அளக்க வேண்டும்.

எங்கள் காலத்தில் திரை இல்லை. வண்டர்பில்ட் முறையில்தான் தொடங்குவோம். 1930, 1934, 1937 மூன்று தடவையும் அமெரிக்கக் கோப்பையைக் காத்த ஹரோல்ட் வண்டர்பில்ட் பெயரால் வந்தது. கோட்டைவிட்டு விலகிப் போகும்போது எத்தனை செக்கன் மிச்சம் என்று பார். திரும்புவதற்கு உன் படகு எடுக்கும் நேரத்தை அதோடு கூட்டு, பாதியாக்கு. அத்தனை செக்கன் மிச்சமிருக்கும்போது திரும்பு. 2 நிமிடம் இருக்கும்போது கோட்டை விட்டால், திரும்ப 20 செக்கன் என்றால், 140இல் பாதி 70, ஒரு நிமிடம் பத்துச் செக்கனில் திரும்ப வேண்டும். ஓடிக்கொண்டே வருவதால் வேகம் எடுக்கும் கவலை இல்லை. காற்று நிலையாக இருந்து, இடைவெளியும் இருந்தால் இன்றைக்கும் இது வேலை செய்யும். பத்துப் படகு நெருக்கியடித்து நிற்கும் கோட்டில் முடியாது, அங்கே நின்று வேகமெடுக்கத்தான் வேண்டும், அங்கேதான் உங்கள் சொந்த எண் தேவை.


வாவிக்கரை
புதன், இரவு 10:10

கச்சான் அண்ணை சொன்னதை நாங்கள் வாவியில் இப்படிச் செய்கிறோம். ஒரு வெற்றுக் கானுக்குக் கல்லைக் கட்டித் தண்ணீரில் விட்டு, அதற்குப் பக்கத்தில் பாயைத் தளர்த்தி முப்பது செக்கன் அசையாமல் நிற்கச் சொல்வேன். விசில் ஊதியதும் இழுக்க வேண்டும். படகு முழு வேகம் எடுத்துவிட்டது என்று சுக்கான் கையில் தெரியும்போது பிள்ளை கத்தும், நான் நேரம் பார்ப்பேன். ஒரு பிற்பகலில் இருபது தடவை. சின்னப் படகுக்கு நான்கைந்து செக்கன் போதும். பெரிய படகுக்கு அதைவிட எவ்வளவோ கூட வரும், காற்றுக் குறையக் குறைய இன்னும் கூடும். உங்கள் திரை இதற்கு அருமையான கருவி. வேகத்தையும் தூரத்தையும் பார்த்து எழுதிக்கொண்டே போகலாம், எங்களுக்கு அந்த வசதி இல்லை. நான் திங்கள் காலையில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், கருவியே வேண்டாம் என்பது என் எண்ணம் இல்லை.


கம்பிவலை
வியாழன், மாலை 6:35

அக்கா சொன்னபடி செய்யப் போகிறீர்கள் என்றால் இரண்டு விடயம் முதலில். டாம்பிங்கை 1 அல்லது 2க்கு இறக்குங்கள், எண் துள்ளும், பரவாயில்லை, தொடக்கம் முடிந்தபிறகு ஏற்றிக்கொள்ளலாம். அடியில் இருக்கும் வேகமானிச் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். நம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில வாரம் நின்றாலே சிப்பி மாதிரி ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு பிடித்துச் சக்கரம் இறுகும், 5 நொட் ஓடும்போது 4 என்னும். சந்தேகம் வந்தால் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிடுங்கள், ஆனால் நீரோட்டம் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோட்டின் சாய்வையும் அதே திரை காட்டும். நேராகக் காற்றை நோக்கி நின்று திசையைப் பதிந்தால் எந்த முனை காற்றுக்குக் கிட்ட என்று தெரியும். 100 மீற்றர்க் கோட்டில் 5 பாகை சாய்ந்தால் ஒரு முனைக்கு 8.7 மீற்றர் இலாபம், உங்கள் படகுக்கு ஒரு முழுப் படகு நீளம். ஒரு செக்கனைப் பிடிக்கப் போராடுவதைவிட அது பெரிது.


புதுப்பாய்
வியாழன், இரவு 8:00

ஒரு கேள்வி. இவ்வளவு திருத்தமாகக் கருவி வந்துவிட்டால் பிறகு கண்ணால் பார்த்து ஓசிஎஸ் சொல்ல ஆள் எதற்கு?


கொடிமரம்
வியாழன், இரவு 9:18

பெரிய இடங்களில் அது நடந்துவிட்டது. 2013இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கோப்பையில் ஸ்டான் ஹனியின் குழு செய்த முறைமையில் படகின் இடத்தை 2 சதமமீற்றர்வரை அறிந்தார்கள். அதற்குக் கரையில் தனி நிலையம், படகில் தனி உணரிகள், ஆட்கள் என்று பெரிய ஏற்பாடு வேண்டும். இங்கே எங்களிடம் இருப்பது ஒரு கம்பம், ஒரு மிதவை, கோட்டில் கண்ணை வைத்துக்கொண்டு ஒலிப்பதிவுக் கருவியில் பாய் எண்களைச் சொல்லும் ஒருவர். உங்கள் திரை என்ன சொன்னாலும் முடிவு அவருடையது. அவரும் கூடியவரை நியாயமாகப் பார்க்கத்தான் உயிரைக் கொடுத்து நிற்கிறார்.


பாய்மரம்_வெள்ளவத்தை
ஞாயிறு, இரவு 8:55

இன்று போட்டி இல்லை, பழகப் போனோம். ஐந்து பேரும் வந்தார்கள். வேகமானியைக் கழற்றினோம், உள்ளே மூன்று கொட்டலசு. மிதவைக்குப் பதிலாக ஒரு பழைய எண்ணெய்க் கானை நங்கூரம் போட்டு விட்டோம். காற்று முதலில் 7 நொட், பிறகு 11வரை ஏறியது.

11 நொட்டில், நின்ற இடத்திலிருந்து 4.7 நொட் எடுக்க எங்களுக்கு 17 செக்கன். பதினொரு தடவை செய்ததில் 15க்கும் 19க்கும் நடுவில் நின்றது. 7 நொட்டில் 26 செக்கன், அதுவும் ஒரு அலை மூக்கில் அடித்தால் முப்பதைத் தாண்டியது. போன ஞாயிறு நான் 25 செக்கனில் இழுக்கச் சொன்னது 7 நொட் காற்றுக்கான எண், 11 நொட்டில் அது எட்டுச் செக்கன் அதிகம். முனைகளைத் திரும்பப் பதிந்திருந்தாலும், அணியத் தூரம் சரியாக இருந்திருந்தாலும், அவ்வளவு முன்கூட்டியே வேகமெடுத்த படகைக் கடைசியில் பிடித்து நிறுத்த வேண்டித்தான் வந்திருக்கும். இந்த இரண்டு எண்ணையும் பூம் என்ற கிடைக் கம்பத்தில் என் கண்ணுக்கு நேரே வெள்ளை ரேப்பில் எழுதி ஒட்டிவிட்டேன்.

பிறகு கானுக்கும் எங்களோடு வந்த ஒரு மீன்பிடி வள்ளத்துக்கும் நடுவில் கோடு வைத்து ஆறு தடவை தொடங்கிப் பார்த்தோம். நான் திரையைப் பார்த்தேன், அணியத்தில் நின்றவர் வடக்கே இரட்டைக் கோபுரத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஆறில் ஐந்தில் இருவரும் ஒரே கணத்தில் சொன்னோம். ஆறாவதில் அவர் நில் என்று கையை உயர்த்தினார், திரையில் 3 மீற்றர் இருந்தது. அவர் பேச்சைக் கேட்டு நிறுத்தினோம். வள்ளத்தில் இருந்தவரிடம் கேட்டால், தன் நங்கூரம் இழுபட்டு வள்ளம் பின்னால் போய்விட்டது என்றார். பதிந்த கோடு பழைய இடத்திலேயே இருந்திருக்கிறது, கண்ணுக்கு மட்டும் உண்மைக் கோடு தெரிந்திருக்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் தெளிவில்லை. காற்று 15க்கு மேல் போனால் எங்கள் எண் இன்னும் குறையுமா, இல்லை அலையால் திரும்ப ஏறுமா? அடுத்த சனி பிற்பகல் இரண்டு மணிக்குக் காற்று இருந்தால் திரும்பப் போகிறோம்.


கச்சான்காற்று
ஞாயிறு, இரவு 9:31

எங்களுக்கு ஏறியது. ஆனால் எங்கள் படகு பாரம் கூடியது, உங்கள் படகுக்கு அதுவே சரி என்று சொல்ல மாட்டேன். சனி நானும் வருகிறேன். கனமான நங்கூரம் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது, அதையும் பதினைந்து பாகம் (ஒரு பாகம் ஆறடி) கயிறும் கொண்டுவருகிறேன். இந்த முறை வள்ளம் இழுபடாது.